கைகாட்டியும் ஒத்திவைப்பும்

கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கண்ணும் காதும் கீழே நிற்கிற ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் கையை உயர்த்திச் சுழற்றினால் கொக்கி மேலே போகும். தாழ்த்தி அசைத்தால் இறங்கும். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றால் இரும்புக் கட்டு தொங்கின இடத்திலேயே தொங்கும். முதலாளியே வந்து குதித்தாலும் அசையாது. கை கீழே இருந்தால் நிறுத்து என்று அர்த்தம். சந்தேகமாக இருக்கிறது என்றாலும் அதேதான், எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அதேதான். இதை அந்தக் கிடங்கில் யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஒட்டத் தேவையும் வந்ததில்லை.

அந்த இரும்புக் கிடங்கில் கையைத் தூக்கித் தூக்கியே அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் தரை பெருக்கத்தான் வேலைக்குப் போனாள். பழைய ஆள் வேலையை விட்டுப் போனபோது, "அந்தப் பெருக்குற பொண்ணைப் போடுங்க. தலைக்கு மேல என்ன தொங்குதுன்னு பாத்து நடக்குற ஒரே ஆளு அதுதான்" என்று கிரேன்காரர் முதலாளியிடம் சொன்னாராம். அன்றிலிருந்து ஊருக்கே அவள் கைகாட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் தேர்தல் சீட்டில் அச்சாகி வந்தபோது பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியவில்லை. அவள் அக்கா வீடு வீடாகப் போய், "நம்ம கைகாட்டிதாங்க இது" என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

தேர்தலில் அவளை இழுத்துவிட்டதும் அந்த அக்காதான். அக்கா தையல்காரி. பெற்றவர்கள் விட்டுப்போன வீட்டில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு ஒற்றை ஆளாகப் பிழைக்கிறவள். அந்த வீடு இருப்பது ஓடைவரிசையில்; ஓடைக் கரையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற ஒரு வரிசை வீடுகள். மழை வந்தால் எல்லோரும் கட்டில் மேல் ஏறி உட்கார வேண்டும். கைகாட்டியும் பிறந்தது அங்கேதான். வாழ்க்கைப்பட்டுப் போனது மேட்டுத்தெருவுக்கு. மேட்டுத்தெருவில் தண்ணீர் ஏறாது.

அந்த வட்டாரத்துக்கு நகரசபை உறுப்பினராக இருந்தவர் கண்ணாடிக் கடைக்காரர். அவர் முதல் தடவை ஜெயித்தபோது பிறந்த குழந்தைகள் இப்போது ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். விளக்கு கேட்டாலும் சாக்கடை கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைச்சிருக்கு." கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஜனங்கள் அவருக்கு ஒத்திவைப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய மகளுக்குப் பிரசவம் தள்ளிப்போனபோதுகூட, "அவரு பொண்ணாச்சே, ஒத்திவைக்காம இருப்பாளா?" என்று சிரித்தார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும்; அவர் எப்போதோ தயிராகிவிட்டிருந்தார்.

"நீ நில்லு," என்றாள் அக்கா.

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்னத்தைக் கிழிச்சான்?"

கைகாட்டியின் புருஷன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். அவனுக்கு இது பிடிக்கவில்லை. "பல்லு வலிச்சா நேத்து வந்தவன்கிட்டயா வாயைக் காட்டுவீங்க? பழகின கை வேணுமில்ல?" என்றான்.

"பழகின கைதான். வருஷக்கணக்கா வாயைத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்கோம், இன்னும் அந்தப் பல்லைத் தொடவே இல்லை," என்றாள் அக்கா. 

'ஒத்திவைத்தது போதும்' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். கைகாட்டி பேசியது ஒரே ஒரு மேடையில்தான். "எனக்கு அரசியல் தெரியாது. கீழ நிக்கிறவங்க மேல எதுவும் விழாம பாத்துக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. அனுபவசாலி தோற்றார், அனுபவமே இல்லாதவள் ஜெயித்தாள். ஊர் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டது.

நகரசபைக் கூடத்தில் நீள மேசை. இரண்டு பேருக்கு ஒரு மைக் என்று வைத்திருந்தார்கள். பாதி மைக்குகளில் பேசினால் இருமல் மாதிரி ஏதோ வரும், மீதியில் அதுவும் வராது. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் மருந்துக்கடை அம்மா. சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை தரமாட்டாள், ஒரு வார்த்தையும் தரமாட்டாள். எதிரே தலைவர், கையடியில் ஒரு மேசைமணி. எழுத்தர் ஒவ்வொரு விஷயமாகப் படிப்பார். "ஆட்சேபம் உண்டா, இல்லை, நிறைவேறியது" என்று தலைவர் ஒரே மூச்சில் சொல்லி மணியைத் தட்டுவார். மூச்சு விடுகிற இடம் அதில் எங்கேயும் கிடையாது.

அன்றுதான் அவளுக்கு முதல் கூட்டம். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுத்தர் குரலை இறக்கிக்கொண்டு, "ஓடையை அகலப்படுத்தும் பணி, கீழ்ப்பகுதி. கரையோர ஆக்கிரமிப்புகளை அகற்றுதல்" என்று படித்தார்.

கரையோர ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அது அக்காவின் ஜன்னல். அது தான் பிறந்த அறை. தலைவர் கண்ணை ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தக் கண் அவளிடமும் வந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் நாற்காலிக்கு இருபுறமும் நேராகத் தொங்கவிட்டு, அவர் கண்ணையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததில் அதைவிடப் பலமான 'வேண்டாம்' கிடையாது. அப்படித் தொங்குகிற கைக்கு எத்தனையோ டன் இரும்பு நடுவானத்தில் நின்றிருக்கிறது.

மணி அடித்தது. எழுத்தர் அடுத்ததாக நாற்காலிகள் வாங்குவதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். நின்றுவிட்டது என்றே அவள் நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்காமல் பக்கத்தில் குனிந்து, "அந்த ஓடை விஷயம் நின்னுடுச்சில்ல?" என்று கேட்டாள்.

மருந்துக்கடை அம்மா திரும்பிப் பார்த்தாள். "நிறைவேறிடுச்சே. நீங்க ஒண்ணும் சொல்லலையே."

அவள் எழுந்து நின்றாள். முடிந்த விஷயத்தைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேச முடியாது என்று தலைவர் சிரித்த முகமாகச் சொன்னார். புதியவர்களுக்கு இது சகஜம், போகப் போகப் பழகிவிடும் என்றும் சொன்னார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயை மூடிக்கொண்டு கெட்டாள். அதுவும் தன் வீட்டை அல்ல, அக்காவின் வீட்டை.

புருஷனிடம் மட்டும் சொன்னாள். "அரசாங்க வேலைதான? ஆமை மாதிரி வரும். அதுக்குள்ள பாத்துக்கலாம்," என்று அவன் ஆறுதல் சொன்னான். அக்காவிடம் சொல்ல நாலைந்து தடவை ஓடைவரிசைக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் அக்கா, "உறுப்பினர் வந்திருக்காங்க, நாற்காலியைத் துடைங்க" என்று கேலியும் பெருமையுமாக வரவேற்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஆமை அந்தத் தடவை ஓட்டமாக வந்தது. அளவெடுக்கிறவர்கள் சிவப்புச் சாயத்தோடு வந்து, ஓடைவரிசை முழுக்க வீட்டுக்கு வீடு சுவரில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா வீட்டில் அந்தக் குறி ஜன்னலுக்கு நேர் கீழே விழுந்தது.

அன்று பகலே அக்கா கிடங்கு வாசலுக்கு வந்துவிட்டாள். கைகாட்டியின் தலைக்கு மேலே அப்போது ஒரு குழாய்க் கட்டு போய்க்கொண்டிருந்தது. கண்ணை எடுக்க முடியாது, கையை எடுக்க முடியாது.

"அந்தக் கூட்டத்துல நீ இருந்தியா?" வாசல் கம்பிக்கு வெளியேயிருந்து அக்கா கேட்டாள்.

கைகாட்டி திரும்பவில்லை. கை காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கட்டு அந்தரத்தில் வலது பக்கமாக நகர்ந்தது.

"உன்னைத்தான் கேக்குறேன். இருந்தியா?"

"இருந்தேன்."

அந்த ஒரு சொல்லோடு கை தானாக இறங்கிவிட்டது. குழாய்க் கட்டு அப்படியே நின்று லேசாகச் சுற்றியது. கூண்டுக்குள் கிரேன்காரர் அசையாமல் காத்திருந்தார்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா. கையைக் கீழ வச்சிருந்தேன்."

அக்கா அந்தரத்தில் தொங்குகிற இரும்பைப் பார்த்தாள். தொங்குகிற கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

"அங்க யாருடி கிரேன் ஓட்டினது?" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? வாசப்படி வாசப்படியா ஏறி எறங்கி, அனுபவம் எதுக்கு, நல்ல மனசு போதும்னு நான்தான் ஓட்டுக் கேட்டேன். இப்போ அதே வாசப்படிங்க எல்லாம் என்னைப் பாக்குது. உனக்கென்ன, மேட்டுத்தெருவுல எந்தச் சுவத்துலயும் சிவப்பு இல்லையே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கைகாட்டி கட்டைக் கீழே இறக்கினாள். இறக்கி முடித்த பிறகுதான் அழுதாள்.

அன்று சாயங்காலம் புருஷன் துணி மடித்துக்கொண்டே, "வழி தெரிஞ்ச ஆளு ஊர்ல ஒருத்தன்தான். அவனைத்தான் நீ தோக்கடிச்சு உக்கார வச்சிருக்க," என்றான். அதில் குத்தல் இல்லை, உள்ளதைத்தான் சொன்னான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கண்ணாடிக் கடையில் விளக்கெரிந்தது. ஒத்திவைப்பு மேசை மேல் ஒரு பெரிய கண்ணாடியைப் பரப்பி, வைரமுனைக் கத்தியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். முன்மேசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வந்தவளை ஏற இறங்கப் பார்த்து, "நிழலோட அருமை வெயில்லதான் தெரியும்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"வாங்க உறுப்பினரே," என்றார் அவர், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அண்ணே, ஓடைவரிசை…"

"தெரியும். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி படிச்சிருப்பாங்களே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்பவும் அப்பத்தான் கொண்டுவருவாங்க. எல்லாருக்கும் பசிக்கிற நேரம். யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க."

அவள் மேசையருகே வந்தாள். "எப்பவும்னா? இதுக்கு முன்னாடியும் வந்திருக்கா?"

அவர் கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தினார். "நான் முதல் தடவை ஜெயிச்ச வருஷத்துல இருந்து வந்துட்டே இருக்கு. வரும், நான் எந்திரிப்பேன், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்னு சொல்லுவேன். சில தடவை வரைபடம் சரியில்லம்பேன். சில தடவை மழைக்காலம் முடியட்டும்பேன். இதைத் தள்ளணும்னா இன்னொண்ணை விட்டுக்கொடுக்கணும். உங்க விளக்கு, உங்க சாக்கடை எல்லாம் அப்படிப் போனதுதான்." படக்கென்று ஒரு தட்டு. கண்ணாடி கோட்டோடு இரண்டாகப் பிரிந்தது. "ஒத்திவைப்பு, ஒத்திவைப்புன்னு சிரிச்சீங்க. நீங்க குடியிருந்ததே அதுலதான்."

இத்தனை வருஷம் அக்கா தைத்ததும், தூங்கியதும், இவரைத் திட்டியதும் இவர் பிடித்துக்கொண்டிருந்த கூரைக்குக் கீழேதான் என்று நினைத்தபோது கைகாட்டிக்குத் தலை குனிந்தது. அடுத்த கணமே கோபம் தலைக்கேறியது.

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நின்னே இருக்கமாட்டேனே."

"சொன்னா பயந்து போவீங்க."

"இப்போ மட்டும் பயம் இல்லையா?"

அவர் கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "சரி, உண்மையைச் சொல்றேன். பயம் எனக்குத்தான். என்னால நிறுத்த முடியாது, தள்ளத்தான் முடியும்னு தெரிஞ்சா எனக்கு யாரு ஓட்டுப் போடுவா? அதுக்குச் சோம்பேறின்னு பேர் வாங்குறதே மேல்னு இருந்துட்டேன்."

கத்தியை மேசையில் வைத்தார். பிறகு அவர்தான் வழியைச் சொன்னார். முந்தின கூட்டத்தில் நடந்ததை அடுத்த கூட்டத்தில் படித்து, சரிதான் என்று சபை ஒப்புக்கொண்ட பிறகுதான் இடிக்கிற உத்தரவு கிளம்பும்; இப்போது குறி போட்டது அளவுக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் எழுந்து, நான் ஆட்சேபித்தேன், அது பதிவாகவில்லை என்று ஒரு உறுப்பினர் சொன்னால் அந்த விஷயத்தை மறுபடி எடுத்தாக வேண்டும்.

"ஆனா நான் ஆட்சேபிக்கலையேண்ணே. வாயே தொறக்கல."

"மைக்கு கெட்டுப்போயிருந்துச்சுன்னு சொல்லுங்க. அந்த மைக்கு லட்சணம் ஊருக்கே தெரியும். யாரும் மறுக்க முடியாது."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"வழி கேட்டீங்க, சொன்னேன். நேர் வழி அன்னைக்கே இருந்துச்சு, நீங்க அதுல போகல." கண்ணாடித் துண்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். "இன்னொண்ணு. ரத்துன்னு கேட்டுடாதீங்க. கேட்டா வாக்கெடுப்பு வரும், வந்தா தோப்பீங்க. கேக்க வேண்டியது ஒரே வார்த்தைதான். உங்களுக்கே தெரியும், சுவரு சுவரா நீங்க எழுதினதுதான்."

கிடங்கில் பொய்க் கை என்ற ஒன்று கிடையாது. தூக்கக் கூடாத நேரத்தில் தூக்கு என்று காட்டினால் கீழே ஒருவன் செத்துக் கிடப்பான். அவள் தன் வாழ்நாளில் பெருமையாக நினைத்தது அது ஒன்றைத்தான்: இந்தக் கை பொய் சொன்னதில்லை. கூட்டம் வருகிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் வீடு போகும். பொய்யைச் சொன்னால் தன்னிடம் இருந்த அந்த ஒன்று போகும். அதிலும் பொய் பிசகிவிட்டால் இரண்டுமே போகும்.

கூட்டத்தன்று பார்வையாளர் பெஞ்சில் ஓடைவரிசைப் பெண்கள் வந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் இருந்தாள். தங்கையைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த கத்தரிக்கோல் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சில் ஒத்திவைப்பு, பழக்கம் விடாமல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எழுத்தர் முந்தின கூட்ட விவரத்தைப் படித்து முடித்தார். தலைவர் மணிக்குக் கையைக் கொண்டுபோனார். "ஆட்சேபம் உண்டா, இல்…"

"உண்டு."

அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. எழுந்து நின்றாள். முழங்கால் மேசையில் இடித்தது.

"சொல்லுங்க," என்றார் தலைவர்.

"ஓடை விஷயத்துக்கு நான் அன்னைக்கே ஆட்சேபம் சொன்னேன். மைக்கு வேலை செய்யல. அது பதிவாகல."

பெஞ்சில் அக்கா தலையைத் தூக்கினாள். சொல்லிக்கொடுத்தவரை விட்டால், அந்த வாக்கியம் பொய் என்று கூடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவள் அவள்தான். இன்னொருத்தி பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"மைக்கு சரியாத்தான் இருந்துச்சுங்க," என்றார் எழுத்தர்.

"எந்த மைக்கு? என் மைக்கு போன வருஷத்துல இருந்து தூங்குது," என்று மேசையின் அந்தக் கோடியிலிருந்து யாரோ சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் பழுத்த ஆள். நேராக மருந்துக்கடை அம்மாவிடம் திரும்பினார்.

"நீங்கதான் அவங்க பக்கத்துல இருந்தீங்க. அவங்க அப்படி ஒண்ணும் பேசலைன்னு நீங்க சொன்னா இந்த விஷயம் இதோட முடிஞ்சுது."

மருந்துக்கடை அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கைகாட்டியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தாள். அன்றும் அந்தக் கைகள் இப்படித்தான் விறைத்துத் தொங்கின என்பது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தலைவருக்கு மௌனத்தைத் தாங்கிப் பழக்கமில்லை. பழக்கமெல்லாம் வேறு மாதிரி. "மறுப்பு உண்டா, இல்லை," என்று அவர் வாய் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது, கையும் தானாக மணியைத் தட்டிவிட்டது. எழுத்தரும் பழக்கதோஷத்தில் 'மறுப்பு இல்லை' என்று எழுதிவிட்டார். தலைவருக்கு உறைத்தபோது மணியின் ரீங்காரம் அடங்கியிருந்தது. தான் அடித்த மணியைத் தானே எப்படி இல்லையென்பது?

"அப்போ என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்றார் எரிச்சலோடு.

ரத்து என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. கடைசி பெஞ்சில் கண்ணாடிக் கடைக்காரர் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கணும்."

கூடமே சிரித்தது. தலைவர்கூடச் சிரித்துவிட்டார். அவள் முகம் எரிந்தது. 'ஒத்திவைத்தது போதும்' என்று எழுதின சுண்ணாம்பு இன்னும் சுவர்களில் உதிரவில்லை. சிரிப்போடு சிரிப்பாக மணி அடித்தது. ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே வரும்போது மருந்துக்கடை அம்மா அவளைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில், "இன்னொரு தடவை என்னைக் கேட்டா உண்மையைத்தான் சொல்லுவேன்," என்றாள். நிற்கவில்லை.

ஒத்திவைப்பு படிக்கட்டில் காத்திருந்தார். "கத்துக்கிட்டீங்க," என்றார். மனசாரத்தான் பாராட்டினார், அதுதான் அவளுக்குச் சுட்டது. "நேரா போய் நிறுத்திட்டேன்னு சொல்லுங்க. சந்தோஷப்படுவாங்க. மறுபடி வரும்போது மறுபடி தள்ளிக்கலாம். இத்தனை வருஷம் இப்படித்தான ஓடுச்சு?"

ஓடைவரிசைக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. வாளியும் தேங்காய்நாருமாக வீட்டுக்கு வீடு சிவப்புக் குறியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஆளாளுக்கு எழுந்து வந்தார்கள். "நிறுத்திட்டியாமே, கைகாட்டி," என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொல் எவ்வளவு இனிப்பாக இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். சும்மா இருந்தாலே ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அக்கா மட்டும் எழுந்து வரவில்லை. தன் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தபடி, நனைந்த நாரைக் கையில் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"நிறுத்தல," என்றாள் கைகாட்டி. "தள்ளித்தான் வச்சிருக்கேன். மறுபடி வரும். அன்னைக்கு நான் வாயைத் தொறக்கல. மைக்கு கெட்டுப்போச்சுன்னு இன்னைக்குப் பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்னொரு தடவை செல்லாது. இத்தனை வருஷமா இதைத் தள்ளிட்டு இருந்தது கண்ணாடிக் கடைக்காரருதான். என்னால ஆனது இவ்வளவுதான்."

கையைப் பிடித்திருந்தவள் விட்டுவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கிடங்குக் கணக்கில் எடுப்பதா, சபைக் கணக்கில் எடுப்பதா என்று கைகாட்டிக்குத் தெரியவில்லை.

"அப்போ அவனை எதுக்குடி தோக்கடிச்சோம்?" அக்காதான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தலைக்கு மேல இது தொங்கிட்டு இருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இப்போ தெரியும். வேற பதில் என்கிட்ட இல்லக்கா."

அக்கா சுவரைப் பார்த்தாள். குறியில் பாதி அழிந்திருந்தது. மீதிப் பாதி ஈரத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நாரை வாளியில் போட்டாள்.

"மிச்சத்தையும் தேச்சிடுங்களேன்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"இருக்கட்டும். அழிச்சா மறந்துடுவோம்." அக்கா முழங்காலில் கையூன்றி எழுந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசல்படியில் நின்று தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை தெரு நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வா. கையைத் தொங்கவிட்டுட்டு நிக்காத," என்றாள். "பாத்தாலே பயமா இருக்கு."